சுவர் இருந்தால் சித்திரம்

ஆங்கில வருஷம் முடிகிற சமயத்தில் நம் வீடுகளில் தவறாமல் ஒரு வழக்கு நடைபெறும். தினசரிக் காலண்டரில் தாள்கள் யாவும் தீர்ந்து, வெறும் அட்டையும் அதன்மேல் ஒரு தெய்வத்தின் படமும் மட்டுமே சுவரில் எஞ்சியிருக்கும். புதிய காலண்டர் மளிகைக் கடையிலிருந்து வந்துவிட்டது, பழையதை எறிந்துவிடலாம் என்பது வீட்டு எஜமானரின் கட்சி. "சுவாமி படத்தைக் குப்பையில் போடுவதா?" என்பது வீட்டு அம்மாளின் கட்சி. தீர்ப்பு எப்போதும் அம்மாள் பக்கமே. படம் கத்தரிக்கப்பட்டுக் கண்ணாடி போடப்படும். சந்தனமும் குங்குமமும் ஏறும். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த விளம்பரம் ஆறு மாதத்திற்குள் குலதெய்வத்தின் பக்கத்தில் ஸ்தானம் பெற்றுவிடும்.

அந்தப் படத்தை எழுதிய கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ராஜா ரவிவர்மாவின் பெயர் நமக்குத் தெரியும். அவர் 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் படங்களை வீடு வீடாக அனுப்பினார். ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ் வீட்டுச் சுவர்களை நிறைத்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் முருகனும் மீனாட்சி திருக்கல்யாணமும் பெரும்பாலும் வேறோர் இடத்திலிருந்து வந்தவை. அந்த இடம் சென்னையும் அன்று, பம்பாயும் அன்று. கரிசல் காட்டின் நடுவே உள்ள கோவில்பட்டி. அங்கே ஒரு சித்திரக்காரரும் அவருடைய சீடர்களும் கூடி வேலை செய்து நடத்திய ஒரு குருகுலமே அந்தப் படங்களின் பிறப்பிடம்.

இந்த வாரம் அந்தக் குருகுலத்தைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. சித்திரக்காரர்களைக் கிராமத்தில் குடியேற்றினால் பாழடையும் கிராமங்கள் உயிர்பெறும் என்ற யோசனை இப்போது உலகமெங்கும் பேசப்படுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை அறிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. சிவகாசிச் சீமையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

* * *

சி. கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தை நாடிச் சில காலம் அங்கே தங்கினார். பிறகு அவரைப் பிழைப்பு நாடகக் கம்பெனிக்கு இழுத்தது. அக்காலத்து நாடகக் கம்பெனிகளில் நடிகர்களுக்கு அடுத்தபடி முக்கியமானவர் படுதா எழுதுகிறவர். அரண்மனை வேண்டும், நந்தவனம் வேண்டும், கானகம் வேண்டும், கைலாயமும் வேண்டும். இத்தனையையும் துணியில் எழுதிக் கடைசி வரிசைக் காலணா டிக்கெட்டுக்காரருக்கும் அது மெய்யென்று தோன்றும்படி செய்ய வேண்டும்.

கம்பெனி ஊர் ஊராகச் சுற்றிக் கோவில்பட்டிக்கு வந்து, 1940-களின் தொடக்கத்தில் அங்கேயே கலைந்து போயிற்று. கம்பெனி கலைந்தால் நடிகர்கள் வேறு கம்பெனி தேடுவார்கள். கொண்டையராஜு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவருடன் வேலை கற்ற இளைஞர்களும் தங்கினார்கள். புகைப்படம் எடுப்பதும், படத்திற்கு வர்ணம் தீட்டுவதும், மேடைப் படுதா எழுதுவதுமாகச் சித்திரக்கூடம் நடந்தது. கொண்டையராஜு விவாகம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே அவருடைய குடும்பம். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் என்று பின்னாளில் காலண்டர் உலகில் பெயர் பெற்றவர்கள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். படத்தின் மூலையில் குருவின் பெயரோடு சீடனின் பெயரையும் சேர்த்துப் போடுகிற வழக்கம் அங்கே இருந்தது. சீடன் எழுதியதைத் தம் பெயரில் மட்டும் வெளியிடும் ஆசிரியர்கள் மலிந்த உலகில் இது சிறிய விஷயமன்று.

இனி சிவகாசியின் கதை. மழை பொய்த்த பூமி அது. அங்கே பயிர் விளையாது, ஆனால் தீப்பெட்டி காயும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபில் வேண்டியிருந்தது. பட்டாசு வந்ததும் இன்னும் பகட்டான லேபில் வேண்டியிருந்தது. லேபில் அச்சிட அச்சுக்கூடங்கள் வந்தன. அச்சுக்கூடங்கள் சும்மா இருக்கலாகாது என்று காலண்டர் வந்தது. அந்நாளில் அது கல்லச்சு. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மசியால் சித்திரத்தைப் பிரதி செய்து, ஒரு நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சிட வேண்டும். பிறகு ஆப்செட் இயந்திரம் வந்தது. இயந்திரம் எதுவானாலும் அதன் வாயில் போட ஒரு மூலச் சித்திரம் வேண்டுமல்லவா? அதற்காகச் சிவகாசி முதலாளிகள் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள கோவில்பட்டிக்கு வந்தார்கள்.

நாடகப் படுதாவில் பழகிய கை காலண்டரில் இறங்கியது. அதனால்தான் அந்தப் படங்களில் தெய்வத்தின் பின்னால் மலையும் தடாகமும் மண்டபத் தூண்களும் மேடைக் காட்சியைப் போல் ஆழ்ந்து ஆழ்ந்து போகின்றன. கொண்டையராஜு 1976-இல் காலமானார். அவர் எழுதிய படங்கள் எத்தனை லட்சம் பிரதிகளாக எத்தனை வீடுகளுக்குச் சென்றன என்று கணக்கிடுவது வீண் வேலை. பின்னர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் கோவில்பட்டிக்கு வந்து இந்தப் பரம்பரையை ஆராய்ந்து எழுதினார். நம்முடைய பூஜை அறையில் இருப்பது கலை என்பதை நமக்குச் சொல்ல ஒருவர் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மிட்டாயின்மேல் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தச் சித்திரக்கூடத்திற்கும் ஊரார் நினைவில் ஓர் இடம் வேண்டாமா?

* * *

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. கோவில்பட்டிச் சித்திரக்கூடம் வாழ்ந்ததற்கு ரகசியம் அதுவே. அதற்கு மூன்று சுவர்கள் இருந்தன. கற்பிக்கத் தெரிந்த ஒரு குரு இருந்தார். அன்றாடம் கூலி தரும் படுதாவும் புகைப்படமும் இருந்தன. வருஷந்தோறும் தவறாமல் படம் வாங்கும் சிவகாசி பக்கத்திலேயே இருந்தது. மானியம் இல்லை, மாளிகை இல்லை, திறப்பு விழாவும் இல்லை.

இதே பாடத்தைச் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் வேறு விதமாகக் காணலாம். கே. சி. எஸ். பணிக்கர் அரசாங்க ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காகக் குமாஸ்தா வேலை தேடித் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டு வருந்தினார். பிரசங்கம் செய்து அவர் நிற்கவில்லை. இளம் ஓவியர்களைச் சேர்த்துத் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் வேலையைச் செய்வித்து விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம். அப்போது அது வெறும் மணல் மேடும் சவுக்குத் தோப்பும். கைவேலைக்குச் சில மணி நேரம், சொந்தச் சித்திரத்துக்கு மிச்ச நேரம் என்று காலத்தைப் பங்கிட்டுக்கொண்டு அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொண்டார்கள். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. 2009-இல் அங்கே ஒரு கலைக்கூடமும் எழுந்தது. அங்கும் பத்திக் துணியே சுவர். அதன்மேல்தான் சித்திரம் ஏறியது.

சித்திரக்காரனைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் நம் தேசத்திற்குப் புதிதன்று. 1936-இல் காங்கிரஸ் மகாசபை முதன்முறையாக ஒரு கிராமத்தில், பைஸ்பூரில் கூடியபோது, பந்தலையும் வாயில்களையும் அலங்கரிக்க காந்தி மகாத்மா சாந்திநிகேதனத்திலிருந்து நந்தலால் போஸை வரவழைத்தார். மூங்கிலும் ஓலையும் கிராமத்து வண்டியுமே அவருக்குக் கிடைத்த சாமான்கள். அவற்றைக்கொண்டே அவர் ஒரு நகரத்தை நிர்மாணித்தார். 1938-இல் ஹரிபுராக் காங்கிரஸுக்காக அவர் எழுதிய சித்திரங்களில் மேளம் அடிப்பவனும் நூல் நூற்பவளும் செருப்புத் தைப்பவனுமே கதாநாயகர்கள். கிராமம் கலைக்குப் பொருள் தர வேண்டும், கலை கிராமத்துக்குத் தொழில் தர வேண்டும் என்பதே அன்றைய கருத்து. விருதுநகருக்கு அருகே தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமமும் அதே கருத்தின் குழந்தை. கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த ஜே. சி. குமரப்பா தம் கடைசி நாட்களை அங்கேதான் கழித்தார்.

வெளிநாட்டாரும் இவ்வழியில் முயன்றிருக்கிறார்கள். கிரீஸ் தேசத்தில் ஹைட்ரா என்று ஒரு தீவு உண்டு. கப்பல் வாணிபத்தில் செல்வம் குவித்துப் பின்னர் வறண்டு போன ஊர் அது. மாலுமித் தலைவர்களின் கல் மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை ஏதென்ஸ் நகரத்து ஓவியக் கல்லூரி தன் மாணவர்கள் வந்து தங்கி எழுதும் கூடமாக்கியது. மாணவர்களைத் தொடர்ந்து ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். பழைய வீதிகளும் பழைய வீடுகளும் அப்படியே காக்கப்பட்டன. இன்றும் அந்தத் தீவில் ஜனங்கள் மோட்டாரில் போவதில்லை. கழுதைதான் வாகனம்.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று அழைப்பது நம் வழக்கம். அந்தப் பெரிய ஜப்பானிலும் நவோஷிமா என்ற சிறு தீவில் 1998 முதல் காலியான பழைய வீடுகளை ஒவ்வொன்றாக ஓவியர்களிடம் ஒப்படைத்துக் கலைக்கூடங்களாக மாற்றினார்கள். உலகம் பார்க்க வந்தது. ஆனாலும் அத்தீவின் ஜனத்தொகை குறைவது நின்றுவிடவில்லை. பார்க்க வருகிறவன் மாலைப் படகில் திரும்பிவிடுவான். ஊரில் தங்குகிறவனே ஊரை வாழவைப்பவன். தங்குவதற்கோ தொழில் வேண்டும்.

இதை நமக்குத் தினந்தோறும் நினைவூட்டும் ஓர் அதிசயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்கிறது. ஆண்டாளின் கையில் அமரும் கிளி மரத்தாலும் பொன்னாலும் ஆனதன்று. இலைகளையும் பூக்களையும் கொண்டு, மாதுளம்பூவே அலகாக, ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகச் செய்கிறார்கள். ஒரே ஒரு நாள் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் அந்தக் கைவேலை என்றோ மறைந்திருக்கும். நாளைக்கும் ஒரு கிளி வேண்டும் என்று கோயில் கேட்பதனால்தான் அந்த விரல்கள் மறக்காமல் இருக்கின்றன.

* * *

இப்போது கரிசல் கிராமங்களின் நிலையைப் பார்ப்போம். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் போனால் தொழிற்சாலை வண்டிகள் ஊர் ஊராக ஆட்களை ஏற்றிச் செல்வதைக் காணலாம். பட்டாசுக்கு ஒரு வண்டி, தீப்பெட்டிக்கு ஒரு வண்டி, நூல் ஆலைக்கு ஒரு வண்டி. வாலிபர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நல்ல ஓட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திண்ணையில் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வயலில் சீமைக் கருவேலம் செழித்திருக்கிறது.

பட்டாசு பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது மெய். அது வாங்கிய விலையும் மெய். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த ஒரே விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவற்றைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பத்தி கொள்ளாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்தது. வெடிக்கும் நேரத்தையும் வரையறுத்தது. மருந்தை மட்டும் நம்பி ஒரு சீமை முழுவதும் வாழ முடியாது என்பதை இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து தொடாத தொழில் ஒன்று தன் பிள்ளைக்குக் கிடைக்காதா என்று ஏங்காத தாய் அந்தச் சீமையில் அபூர்வம்.

சித்திரம் எழுதிப் பல்லாயிரம் பேர் பிழைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் பேச்சை நம்பவும் வேண்டாம். ஆனால் ஒரு கிராமத்தில் பத்து வீடுகள் திறக்கலாம். பத்து வீடுகள் திறந்தால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை உண்டு. சாப்பாடு போடும் பெண்மணிக்கு வருமானம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லித்தர ஆள் உண்டு. அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் அச்சுக்கூடத்துக்குச் சித்திரம் தருபவர்களாக வளர்ந்தால் அதுவே பெரிய லாபம்.

யோசனை இதுதான். சிவகாசியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டிய வீடுகளை உரிமையாளரின் உரிமை கெடாமல் வாடகைக்கு எடுத்து, உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும். கலைக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்களையும் யுவதிகளையும் ஒரு வருஷம் தங்க அழைக்க வேண்டும். பாதி நாள் அச்சுக்கூடங்கள் கேட்கும் சித்திரம், பாதி நாள் சொந்தச் சித்திரம், வாரம் இரண்டு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் என்பது நிபந்தனை. எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும் என்பது அதைவிட முக்கியமான நிபந்தனை. பழைய காலண்டர்களின் மூலச் சித்திரங்கள் எங்கே கிடைத்தாலும் கரையானுக்கு இரையாகாமல் அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

பணத்திற்கு என்ன செய்வது? இதற்கும் அந்தச் சீமையே விடை வைத்திருக்கிறது. அதன் பெயர் மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்துவைக்கும் வழக்கம் அது. விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியபோது வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளியை வளர்த்தார்கள். அந்தப் பிடியரிசியில் சம்பளமின்றிப் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜ். பிறகு அவர் தமிழ்நாடு முழுவதற்கும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்தது சரித்திரம். பிடியரிசியில் ஒரு முதல் மந்திரியை உருவாக்கிய ஊர் காலண்டர் மகமையில் பத்துச் சித்திரக்காரர்களை உருவாக்க முடியாதா?

"இது எதற்கு ஐயா? இப்போது கணினியில் பொத்தானைத் தட்டினால் படம் வந்து விழுகிறதே!" என்று ஒரு நண்பர் ஆக்ஷேபித்தார். வந்து விழுகிறது, மறுக்கவில்லை. அவரே காட்டிய முருகன் படத்தையும் பார்த்தோம். ஆறுமுகனுக்குக் கரங்கள் பன்னிரண்டு என்பது புராணம். ஒரு கையில் விரல்கள் ஆறு என்பது எந்தப் புராணம்? இயந்திரம் நாளை விரலை எண்ணக் கற்றுக்கொள்ளும். ஆனால் அது காட்டுவதெல்லாம் முன்பு யாரோ ஒருவர் கண்ட உருவத்தின் கலவையே. புதிதாகக் காண ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சோறு வேண்டும்.

* * *

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. வியாபாரிகள் அவற்றைப் புரட்டி, "இந்த லக்ஷ்மி நூறு, அந்தப் பிள்ளையார் இருநூறு" என்று ஆர்டர் கொடுப்பார்கள். அந்த ஆல்பத்தில் கையால் எழுதிய புதுச் சித்திரம் ஒன்றேனும் இருக்க வேண்டும், எழுதியவரின் பெயர் அதன் மூலையில் இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டால் அச்சுக்கூடத்தார் மறுக்க மாட்டார்கள். வியாபாரிகளைக் கேட்கச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மளிகைக் கடைக்காரர் காலண்டரை நீட்டும்போது, "இது யார் எழுதியது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் திகைப்பார். திகைக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் சிவகாசியைக் கேட்பார். அதற்குள் உங்கள் வீட்டிலும் ஒரு காரியம் செய்யலாம். பூஜை அறையில் கண்ணாடிக்குள் இருக்கும் பழைய படத்தை ஒரு முறை இறக்கித் துடைத்து, கீழ் மூலையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். குங்குமத்தின் அடியில் ஒரு பெயர் இருக்கலாம்.